நாய்க்குப் பேசப் பழக்கும் பொத்தான்: பிரித்து வேலை செய்பவருக்கு எவ்வளவு தேறும்?

வீட்டு நாய்க்கு ‘வெளியே’, ‘சாப்பாடு’ என்று தட்டிக் கேட்கப் பழக்குவதற்காக இணையக் கடைகளில் நான்கு நிறத்தில் நான்காகச் சேர்த்து விற்கிறார்களே, அந்தக் குரல் பதிவுப் பொத்தானைப் பற்றியது இந்த மதிப்புரை. விட்டம் சுமார் 9 செ.மீ. அடியில் இரண்டு ஏஏஏ பேட்டரி. 30 விநாடி வரை குரல் பதியும். மேலே இருக்கும் குவிந்த மூடியைத் தட்டினால் பதிந்தது ஒலிக்கும். நாய் இதைக் கற்றுக்கொள்ளுமா என்பதை நாய் வளர்ப்பவர்கள் சொல்லட்டும். ஆர்டுயினோ, ஈஎஸ்பி32 போன்ற, புரோகிராம் எழுதி இயக்கும் சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளில் ஏதாவது செய்துகொண்டிருப்பவருக்குப் பெரியதாக, பார்க்க லட்சணமாக, குழந்தை ஓங்கி அடித்தாலும் தாங்குகிற ஒரு பொத்தான் வேண்டும் என்றால் இதை வாங்கலாமா என்பதுதான் இங்கே பேச்சு.

வாங்கலாம். ஆனால் அதன் வெளிக்கூட்டுக்காக வாங்குங்கள். மூடி, அதன் கொக்கிகள், அது இறங்கி ஏறும் தடம், பேட்டரி அறை ஆகிய நான்கும் இந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்காது. 3டி பிரின்டரில் இதே வழவழப்போடு ஒரு குவிமூடி எடுப்பது லேசுப்பட்ட வேலையில்லை. உள்ளே இருக்கும் ஸ்விட்ச்தான் பலவீனம். அதை அப்படியே நம்பினால் முதல் வாரத்திலேயே ‘தட்டினேன், வேலை செய்யவில்லை’ என்ற பேச்சு வந்துவிடும்.

இதற்கு மாற்றாக இருப்பவற்றைச் சொல்லிவிடுகிறோம். விளையாட்டு எந்திரங்களில் வரும் 60, 100 மி.மீ. குவிந்த ஆர்கேட் பொத்தான்களில் நல்ல மைக்ரோ ஸ்விட்ச் இருக்கிறது. அடி நன்றாகவே தாங்கும். ஆனால் அதன் உடல் பலகைக்குக் கீழே நீண்டு தொங்கும். அதற்கென்று ஒரு பெட்டி செய்தாக வேண்டும். உள்ளே இருக்கும் எல்இடி பெரும்பாலும் 12 வோல்ட்டுக்கானது; 5 வோல்ட்டில் மங்கலாகத்தான் எரியும், ரெசிஸ்டரை மாற்ற வேண்டும். அமெரிக்காவில் ஸ்டேப்பிள்ஸ் கடைகள் 2005 முதல் விற்ற, தட்டினால் பேசும் சிவப்பு ‘ஈஸி பட்டன்’ இந்தக் கலைக்கே மூதாதை. அங்கே எத்தனையோ பேர் அதைப் பிரித்துத்தான் இந்த வேலையைப் பழகினார்கள். நம் ஊரில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு தட்டில் பொருளை ஆர்டர் செய்வதற்காக அமேசான் 2015-ல் கொண்டுவந்த டாஷ் பொத்தானையும் பலர் வேறு வேலைக்குத் திருப்பினார்கள். 2019-ல் கம்பெனியே அதை நிறுத்திவிட்டது. பொம்மைப் பொத்தானை அப்படித் தொலைவிலிருந்து யாரும் அணைக்க முடியாது. இதுவும் இதன் ஒரு பெருமை.

பிரிப்பது

பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். அடிப்பக்கத்தில் மூன்று அல்லது நான்கு சிறிய நட்சத்திர ஸ்க்ரூ இருக்கும். கண்ணில் படவில்லையென்றால் ரப்பர் பாதத்துக்கு அடியிலோ ஸ்டிக்கருக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். ஸ்டிக்கரை விரலால் தடவினால் குழி தெரியும். இவை பிளாஸ்டிக்கில் நேராக இறங்கும் ஸ்க்ரூ என்பதால் திரும்பப் போடும்போது கவனம் வேண்டும். முதலில் இடப்பக்கமாகச் சுற்றி, பழைய மரையில் ‘டக்’ என்று இறங்குவதை உணர்ந்த பிறகு முடுக்குங்கள். நேராக முடுக்கினால் புதிதாக ஒரு மரை வெட்டும். மூன்று நான்கு முறை அப்படிச் செய்தால் ஓட்டை தேய்ந்து ஸ்க்ரூ சும்மா சுற்றும்.

ஓடு திறந்ததும் ஒரு சிறிய போர்டு, அதில் கருப்புத் தார்ச்சொட்டு போல ஒரு திட்டு, 8 ஓம் ஸ்பீக்கர், ஒரு குட்டி மைக் தெரியும். அந்தக் கருப்புத் திட்டுக்கு அடியில்தான் சிப் இருக்கிறது. அதைக் கிளறாதீர்கள், கிளறினால் உள்ளே இருக்கும் முடியளவு கம்பிகள் அறுந்து போர்டு செத்துவிடும். ஸ்பீக்கர் வயர்கள் மிக மெல்லியவை. போர்டை நிமிர்த்தும்போதே பிய்ந்துவிடும். ஒலி வேண்டும் என்பவர் முதல் வேலையாக அந்த இரண்டு இணைப்பிலும் ஒரு துளி ஹாட் க்ளூ வைத்துவிடுவது நல்லது.

இப்போது ஸ்விட்சைப் பாருங்கள். இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, போர்டில் சால்டர் செய்த நான்கு கால் டாக்ட் ஸ்விட்ச், தட்டினால் ‘கிளிக்’ என்னும். மற்றொன்று, டிவி ரிமோட்டில் இருப்பது போல ரப்பர் குமிழும் அதன் அடியில் கருப்புக் கார்பன் வில்லையும், சத்தம் வராது. எது என்று தெரிந்துகொள்ளாமல் மேலே போகக் கூடாது. இரண்டுக்கும் வயரிங்கே வேறு.

கார்பன் வில்லையில் எங்கே சறுக்கும்

டாக்ட் ஸ்விட்ச் மூடும்போது ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட பூஜ்யம். கார்பன் வில்லை அப்படியில்லை. புதிதில் சில நூறு ஓம் காட்டும். அழுக்கும் தேய்மானமும் ஏற ஏறச் சில கிலோஓம் வரை போகும். ஆகவே அதன் வழியாக எல்இடி, ரிலே, மோட்டார் எதையும் நேரடியாக ஓட்ட முடியாது. மைக்ரோகன்ட்ரோலர் பின்னுக்கு மட்டுமே ஆகும், அதிலும் புல்லப் ரெசிஸ்டரை, அதாவது அழுத்தாதபோது பின்னை ‘ஹை’ என்ற உயர்ந்த வோல்டேஜில் பிடித்துவைக்கும் ரெசிஸ்டரை, பார்த்துப் போட வேண்டும்.

ஒரு கணக்கு. வில்லை 5 கிலோஓம் ஆகிவிட்டது, நீங்கள் வழக்கம்போல 10 கிலோஓம் புல்லப் போட்டிருக்கிறீர்கள், 5 வோல்ட் சப்ளை. அழுத்தும்போது பின்னில் வருவது 5 × 5 ÷ 15, அதாவது 1.67 வோல்ட். ஆர்டுயினோ யூனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப், சப்ளையில் 0.3 பங்கு வரை, அதாவது 1.5 வோல்ட் வரைதான் ‘லோ’ (அழுத்தியிருக்கிறது) என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். 1.67 என்பது நடுவில் தொங்கும் நிலை. சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. புரோகிராமில் பிழை தேடி ஒரு நாள் போய்விடும். 10-க்குப் பதில் 47 கிலோஓம் போட்டால் பின்னில் 0.48 வோல்ட், பிரச்சினை தீர்ந்தது. வெளியே ரெசிஸ்டரே போடாமல் சிப்பின் உள் புல்லப்பை இயக்கினாலும் போதும். ஏடிமெகாவில் அது 20 முதல் 50 கிலோஓம் வரை, ஈஎஸ்பி32-ல் 45 கிலோஓம் அளவில்.

வில்லையைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கார்பன் பூச்சே போய்விடும். சால்டரிங் இரும்பை நீட்டும் முன் ரப்பர் குமிழைக் கழற்றி வைப்பதும் முக்கியம்.

வோல்ட் மீட்டர் ஏமாற்றும் இடம்

பொம்மையின் ஒலியும் வேண்டும், அதே தட்டலை ஆர்டுயினோவும் உணர வேண்டும் என்று ஸ்விட்சின் இரண்டு முனையில் வயர் எடுத்து, ஒன்றை கிரவுண்டிலும் இன்னொன்றை ஒரு பின்னிலும் கொடுப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. பாதிப் பொத்தான்களில் இது வேலை செய்யாது. காரணம், சில போர்டுகளில் ஸ்விட்சின் ஒரு பக்கம் பேட்டரியின் மைனஸில் இருக்கும், சிலவற்றில் பிளஸ்ஸில் இருக்கும்.

எது என்று பார்க்கப் பேட்டரியைப் போட்டு வோல்டேஜ் அளந்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு வகையிலும் ஒரு முனை 3 வோல்ட்டையும் மற்றொன்று பூஜ்யத்தையும்தான் காட்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, ஸ்விட்சின் இரண்டு முனையையும் பேட்டரி அறையின் ஸ்பிரிங்குகளோடு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எந்த ஸ்பிரிங்கோடு பீப் வருகிறதோ அதுதான் ஸ்விட்சின் நிலையான பக்கம். மைனஸ் என்றால் கிரவுண்டைப் பொதுவாக்கி மற்ற முனையைப் படிக்கலாம், 3.3 வோல்ட் போர்டாக இருந்தால். பிளஸ் என்றால் அழுத்தும்போது பின்னுக்கு 3 வோல்ட் வரும். யூனோவுக்கு ‘ஹை’ என்று உறுதியாகத் தெரிய 3 வோல்ட் வேண்டும். பேட்டரி 2.6-க்கு இறங்கியதும் ஆட்டம் முடிந்துவிடும்.

இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம் என்றால் இரண்டையும் பிரித்துவிடுவதே சரி. போர்டில் ஸ்விட்சுக்குப் போகும் செம்புத் தடத்தைக் கட்டர் கத்தியால் 1 மி.மீ. இடைவெளியில் இரண்டு கீறு கீறி, நடுத் துண்டைச் சுரண்டி எடுங்கள். ஒற்றைக் கீறலை நம்பாதீர்கள். செம்புத் துகள் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். எடுத்த பிறகு பீப் வராததை உறுதி செய்யுங்கள். இனி ஸ்விட்ச் முழுக்க உங்களுடையது. ஒலி வேண்டும்போது ஆர்டுயினோவே பொம்மையைத் தட்டட்டும்: பிசி817 ஆப்டோகப்ளர் (உள்ளே இருக்கும் எல்இடியின் ஒளியால் மறுபக்கத்தை ஸ்விட்ச் போல மூடும் சிப்) ஒன்று, அதன் எல்இடிக்கு 5 வோல்ட் என்றால் 470 ஓம், 3.3 வோல்ட் என்றால் 330 ஓம். மறுபக்கத்தின் கலெக்டர் காலை, 3 வோல்ட் காட்டிய முனைக்கும் எமிட்டர் காலை மற்றதற்கும் (வெட்டிய தடத்தில் போர்டின் பக்கம்) கொடுத்து, 100 மில்லிவிநாடி இயக்கினால் பொம்மை பேசும். பிளஸ், மைனஸ் எந்த வகைப் போர்டுக்கும் இது ஒத்துவரும். பொம்மையின் பேட்டரியும் ஆர்டுயினோவின் சப்ளையும் தனித்தனியாகவே இருக்கும்.

பதிவின் தரம் சுமார்தான். பல விதமான ஒலிகள் வேண்டும் என்பவர் போர்டைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் மெமரி கார்டிலிருந்து ஒலிக்கும் டிஎஃப்பிளேயர் மினி என்ற சிறு போர்டை வைக்கலாம், அதே ஸ்பீக்கர் போதும். ஆர்டுயினோவிலிருந்து அதன் ஆர்எக்ஸ் காலுக்குப் போகும் வயரில் 1 கிலோஓம் போடுங்கள். ‘உஸ்’ என்ற இரைச்சல் குறையும்.

ஓரத்தில் தட்டினால்

இந்தப் பொத்தானின் உண்மையான குறை இதுதான். மூடி 9 செ.மீ. அகலம், ஸ்விட்ச் நடுவில் ஒரே ஒன்று. நடுவில் தட்டினால் நன்றாக இறங்கும். ஓரத்தில் தட்டினால் அந்த ஓரம் சாய்ந்து கீழே முட்டிக்கொள்ளும். அப்போது மூடியின் நடு பாதி தூரமே இறங்கியிருக்கும், ஸ்விட்சைத் தொட்டிருக்காது.

உங்கள் கைக்கு வந்த பொத்தான் எப்படி என்று பார்க்க, கடிகாரத்தின் 12 எண்களும் மூடியின் விளிம்பில் இருப்பதாக வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் பென்சிலின் ரப்பர் முனையால் அழுத்துங்கள். எத்தனை இடத்தில் ஒலிக்கிறது என்று எண்ணுங்கள். 12-க்கு 12 வராத பொத்தானை அப்படியே எந்தத் திட்டத்திலும் வைக்காதீர்கள்.

சரிசெய்யப் பழைய ஏடிஎம் கார்டு ஒன்று போதும். கார்டின் கனம் 0.76 மி.மீ. மூடியின் உட்பக்கம், ஸ்விட்சைத் தொடும் தண்டின் நுனியில், 5 மி.மீ. சதுரமாக ஒரு துண்டு வெட்டி ஃபெவிக்விக்கால் ஒட்டுங்கள். தண்டுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே இருந்த வெற்றிடம் அந்த அளவு குறையும்; ஓரத்தில் தட்டினாலும் நடு போய்ச் சேரும். ஒட்டியதும் ஸ்விட்ச் அழுந்தியபடியே நின்றுவிட்டால் கனம் கூடிவிட்டது என்று பொருள். நகம் தேய்க்கும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். டாக்ட் ஸ்விட்ச் கால் மில்லிமீட்டர்தான் இறங்கும் என்பதால் ஒவ்வொரு தேய்ப்புக்கும் மூடியை மாட்டிப் பார்த்தே ஆக வேண்டும். பசை முழுதாகக் காயும் முன் மூடியை மாட்டாதீர்கள். அதன் ஆவி ஸ்விட்சுக்குள் வெள்ளையாகப் படிந்துவிடும்.

விளிம்பைச் சுற்றி மூன்று டாக்ட் ஸ்விட்சுகளை 120 டிகிரி இடைவெளியில் வைத்து இணையாகக் கோக்கச் சிலர் சொல்வார்கள். ஓரத்தில் அருமையாக வேலை செய்யும். ஆனால் நடுவில் அழுத்தும்போது விசை மூன்றாகப் பிரிந்துவிடுகிறது. ஒவ்வொன்றும் சாதாரண 160 கிராம் வகையாக இருந்தால் நடுவில் கிட்டத்தட்ட 480 கிராம் அழுத்த வேண்டிவரும். பெரியவர் கைக்குப் பெரிதில்லை. குழந்தைக்கும் கை பலம் குறைந்தவருக்கும் அது பொத்தானே இல்லை. விசையை அளக்கச் சமையலறைத் தராசு போதும்: பொத்தானைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, மெல்ல அழுத்தி, கிளிக் வரும் நேரத்தில் எண்ணைப் பாருங்கள்.

கை பலம் குறைந்தவருக்கு என்றால்

இந்தப் பொத்தானுக்கு இதைவிட நல்ல பயன் இல்லை என்றே சொல்வோம். ஒரு விரலையோ முழங்கையையோ மட்டும் அசைக்க முடிந்தவர்கள் பொம்மையை, டேப்லெட்டை, கணினியை இயக்கப் பயன்படுத்தும் பெரிய ஸ்விட்சுகளைக் கம்பெனிகள் தனியாகச் செய்கின்றன. ஏபிள்நெட் விற்கும் ‘ஜெல்லி பீன்’ 2.5 அங்குலம், ‘பிக் ரெட்’ 5 அங்குலம். தரம் உயர்ந்தது, விலையும் உயர்ந்தது. கனடாவிலிருந்து இயங்கும் ‘மேக்கர்ஸ் மேக்கிங் சேஞ்ச்’ இதே வகை ஸ்விட்சுகளை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளும்படி வரைபடங்களை இலவசமாகத் தருகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவானது 3.5 மி.மீ. மோனோ பிளக். பழைய ஹெட்போன் அளவுதான், ஆனால் இரண்டே இணைப்பு. உங்கள் பொத்தானின் வயர் முனையிலும் அதே பிளக் இருந்தால், கடையில் வாங்கிய கருவி எதனோடும் பேசும்.

இதற்கு டாக்ட் ஸ்விட்ச் ஆகாது, எடுத்துவிடுங்கள். 20 மி.மீ. நீளமுள்ள, நெம்புகோல் வைத்த சின்ன மைக்ரோ ஸ்விட்ச், 50 கிராம் விசை வகை, கேட்டு வாங்குங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் கிடைக்கும். பெரிய 15 ஆம்பியர் வகையைத் தூக்கிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது கனத்த அழுத்தம் கேட்கும். மூன்று காலில் ‘சி’, ‘என்ஓ’ என்று குறித்த இரண்டை மட்டும் எடுங்கள். நெம்புகோலின் நுனி மூடியின் தண்டுக்கு நேர் கீழே வர வேண்டும். முதலில் இரட்டைப் பக்க நாடாவால் ஒட்டி, 12 இடச் சோதனை முடித்து, தராசில் பார்த்து, அதன் பிறகே ஸ்க்ரூவோ எபாக்ஸியோ போடுங்கள். ஹாட் க்ளூவால் ஸ்விட்சை நிறுத்தக் கூடாது. வெயிலில் நின்ற காருக்குள் அது இளகி, ஸ்விட்ச் நகர்ந்துவிடும்.

வயர் வெளியேறும் ஓட்டைக்கு உள்ளே ஒரு கேபிள் டையை இறுக்கிக் கட்டுங்கள். இழுக்கும் விசை அந்த டையில் நிற்க வேண்டும், சால்டருக்குப் போகக் கூடாது. இத்தகைய பொத்தான்கள் பழுதாகிக் கிடப்பதில் பெரும்பாலானவை இங்கே அறுந்தவைதான்.

ஸ்பீக்கரைக் கழற்றினால் எடை குறைந்து பொத்தான் மேசையில் வழுக்கும். காலி இடத்தில் நான்கைந்து கனத்த இரும்பு வாஷர்களை ஒட்டி, அடியில் வழுக்காத ரப்பர் ஷீட் போடுங்கள். டேப்லெட்டோடு சேர்க்க ஏடிமெகா32யு4 சிப் வைத்த புரோ மைக்ரோ போர்டு போதும். அது கீபோர்டு போல நடித்து ஒரு கீயை அனுப்பும். ஆண்ட்ராய்டில் ஸ்விட்ச் ஆக்சஸ், ஐபேடில் ஸ்விட்ச் கன்ட்ரோல் அமைப்பில் அந்தக் கீயைக் காட்டிக் கொடுத்தால் வேலை முடிந்தது. கை நடுங்குபவருக்குத் தட்டல் இரட்டிப்பாகப் பதியும். ஒரு தட்டலுக்குப் பின் அடுத்ததைக் கண்டுகொள்ளாமல் விடும் நேரமான டிபவுன்ஸை, வழக்கமான 30 மில்லிவிநாடியிலிருந்து 300 வரை, தேவைப்பட்டால் இன்னும் மேலே, அவரை உட்கார வைத்தே மாற்றிப் பாருங்கள். மேசையில் உங்கள் விரலால் சோதித்த எண் அவருக்குப் பொருந்தாது.

பேட்டரி அறை

3 வோல்ட் அறை என்பதை மறக்காமல் இருந்தால் இது பெரிய வசதி. அதில் லித்தியம் 3.7 வோல்ட் செல்கள் இரண்டைப் போட்டால் 8.4 வோல்ட் வரை ஏறி எல்லாம் கருகும். அளவில் அவை பொருந்தும் என்பதுதான் ஆபத்து. ஏடிடைனி85 என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலரின் ‘வி’ வகை, வோல்டேஜ் 1.8-க்கு இறங்கும் வரை ஓடும். தூங்கும்போது ஒரு மைக்ரோஆம்பியருக்கும் கீழே எடுக்கும். இரண்டு ஏஏஏ அதற்கு வருடக்கணக்கில் தாங்கும்.

வைஃபை என்றால் கதை வேறு. ஈஎஸ்பி32 சிக்னல் அனுப்பும் கணத்தில் 240 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஏஏஏ செல்லின் வோல்டேஜ் அந்தக் கணத்தில் சரிந்து, சிப் ரீசெட் ஆகும். மீண்டும் எழும், மீண்டும் இழுக்கும், மீண்டும் விழும். ஸ்பீக்கர் இருந்த குழியில் 500 எம்ஏஎச் லிபோ (லித்தியம் பாலிமர்) செல் ஒன்று, வோல்டேஜை 3.3-ல் நிறுத்தும் எச்டி7333 ரெகுலேட்டர், 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்து, ஈஎஸ்பி32-க்குப் பதில் அதற்கு முந்தைய வைஃபை சிப்பான ஈஎஸ்பி8266-ஐ ஓட்டுங்கள். பலரும் போடும் 1117 ரெகுலேட்டர் சும்மா இருக்கும்போதே சில மில்லிஆம்பியர் தின்னும். அது ஒன்றே செல்லை ஒரு வாரத்துக்குள் காலியாக்கிவிடும். பொத்தானை ரீசெட் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் போட்டால் சிப் ஆழ்ந்த உறக்கத்தில் 20 மைக்ரோஆம்பியரில் கிடக்கும், தட்டினால் எழும். வருடத்துக்கு அந்த உறக்கச் செலவு 175 எம்ஏஎச். கார்பன் வில்லை வகையை ரீசெட் காலில் போடாதீர்கள், மைக்ரோ ஸ்விட்சே வேண்டும்.

230 வோல்ட் எதையும் இந்த ஓட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. மின்விசிறியோ விளக்கோ இயக்க வேண்டுமென்றால் ரிலே தனிப் பெட்டியில் தூரத்தில் இருக்கட்டும், இங்கிருந்து வயர்லெஸ்ஸில் சொல்லுங்கள்.

வாங்கும்போது படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பட்டன் செல் போடும் சின்ன வகைகளைச் சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு வாங்கவே வாங்காதீர்கள், விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. உள்ளே எல்இடி வைக்கும் எண்ணம் இருந்தால் மஞ்சள், வெளிர்பச்சை மூடிகள் ஒளியை ஓரளவு விடும், அடர்நீலம் விடாது. வந்ததும் போன் டார்ச்சை மூடிக்கு உள்ளிருந்து அடித்துப் பார்த்துவிட்டு எதற்கு எந்த நிறம் என்று முடிவு செய்யுங்கள். நான்கில் ஒன்றைப் பிரித்துப் பழக ஒதுக்கிவிடுங்கள். மூடியின் கொக்கி ஒன்றாவது அதில் உடையும்.